சுடலைக்களத்தில் சேர்ப்பித்த சொல்

மணிமுத்தாறு தன் மணற்படுகையின் நடுவே மெலிந்து ஒழுக, அதன் கரையில் பழமலைநாதர் கோயிற் கோபுரங்கள் மாசித் திங்களின் முற்பகல் வெயிலை முடிமேல் ஏந்தி நிற்க, முதுகுன்றம் என்று முன்னோரும் விருத்தாசலம் என்று இன்றுள்ளோரும் அழைக்கும் அந்த ஊர் தன் அன்றாட வேலையில் ஆழ்ந்திருந்தது. பீங்கான் சூளைகளின் புகைபோக்கிகள் வானில் மெல்லிய கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தன. வெண்களிமண்ணைப் பிசைந்து அச்சில் வார்த்தெடுத்த பதுமைகள், வண்ணமும் விழியும் இன்னும் பெறாதனவாய், பெயரிடப்படாத பிள்ளைகளைப் போலப் பட்டறை வாயில்தோறும் உலர்ந்துகொண்டிருந்தன. ஊர்ப்புறத்து முந்திரித் தோப்புகள் பூத்திருந்தமையால், காற்று புகையையும் பூமணத்தையும் ஒருசேரச் சுமந்து வந்தது. நிலவு முற்றும் மறையும் நாள் அது. அங்காளம்மன் சுடலைக்குச் சென்று சூறையாடும் மயானக் கொள்ளைத் திருநாள்.

அன்புடையீர், அந்த முற்பகலில் தொடர்வண்டி நிலையத்தின் வாயிலில், கையில் ஒரு துணிப்பையோடு, எங்குச் செல்வதென்று அறிந்தும் எவரிடமும் கேட்க நா எழாமல் நின்றவன் பெயர் நிலவன். கருவூரைச் சேர்ந்தவன், நாற்பதை எட்டியவன், பதினேழு ஆண்டுகள் சரக்குந்து ஓட்டிப் பிழைத்தவன். மூன்றாண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி விடியலில், வேப்பூரை அடுத்த நெடுஞ்சாலையில், பாலை ஊற்றியது போலப் பனி மூடியிருந்த வேளையில், சாலையைக் கடந்த ஒருவர்மீது அவன் வண்டி மோதிற்று. அவர் பெயர் காத்தவராயன். பீங்கான் சூளையில் கலங்களை அடுக்கும் வேலை முடித்து, முதற்பேருந்தில் வந்திறங்கி, சாலைக்கு அப்பாலிருந்த தம் ஊருக்கு நடந்தவர். ஆண்டுதோறும் அங்காளம்மன் கோலம் பூண்டு சுடலையில் ஆடியவரும் அவரே.

பனியே காரணம் என்று கூறி வழக்குமன்றம் நிலவனை விடுவித்தது. ஆயினும் அவன் தன்னை விடுவித்துக்கொண்டானில்லை. காக்கத் தவறினான் என்னும் பழி எழாதிருக்க, மோதிய நொடியிலேயே உயிர் பிரிந்தது என்று சொல்லும்படி அவனுக்காக வழக்காடியவர் அறிவுறுத்த, மன்றத்தில் அவனும் அவ்வாறே சொன்னான். அது பொய். காத்தவராயன் கால் நாழிகைக்கு மேல் உயிரோடிருந்தார், அவன் மடியில் தலை வைத்திருந்தார், பேசினார். அந்தப் பேச்சை நெஞ்சில் பூட்டிக்கொண்டு, வண்டி ஓட்ட மனம் ஒப்பாமல் தொழிலையும் விட்டு, மூன்றாண்டுகள் கழித்தபின், அவர் ஆடிய ஆட்டத்தை ஒருமுறையேனும் கண்டு, அன்னையின் அடியில் விழுந்து, எவரும் அறியாமல் திரும்பிவிடலாம் என்று எண்ணி அவன் அங்கு வந்திருந்தான்.

அப்போது மூன்றுருளி வண்டியொன்று அவன் முன் வந்து நின்றது. ஓட்டுநர் ஐம்பது அகவை மதிக்கத்தக்கவர். கண்ணாடியின்மேல் சிறு சிலுவை தொங்கிற்று.

"கொள்ளைக்குத்தானே போறீங்க? ஏறுங்க தம்பி. நான் டோமினிக்கு. அந்த ஊருக்கு எனக்கு வழி நல்லாத் தெரியும்."

காத்தவராயனின் ஊருக்கு, வேப்பூர் நோக்கிச் செல்லும் சாலையில், அறுவடை முடிந்து வெறிச்சோடிய புன்செய்களையும், சோளத்தட்டைப் போர்களையும், வெயிலில் கண்கூசும் வெண்மண் குவியல்களையும் கடந்து வண்டி ஓடியது. டோமினிக்கு கேளாமலே பலவும் சொல்லிவந்தார். காத்தவராயன் இறந்தபின் மூன்றாண்டுகள் அன்னையின் கோலத்தை ஏற்க எவரும் முன்வரவில்லை என்றும், இவ்வாண்டு அவர் தம்பி மாயவன் நாற்பத்தெட்டு நாள் நோன்பிருந்து ஏற்கின்றான் என்றும் உரைத்தார். "எங்க கோயில்லயும் சாம்பல் புதன் வருதுங்க, நெத்தியில சாம்பல் பூசிப்போம். ஆனா அங்க பூசறப்ப என் ஒடம்பு இன்னமும் நடுங்குது," என்றார்.

சுடலைக்கு ஒரு கூப்பிடு தொலைவில், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திய அவர், இறங்க முற்பட்ட நிலவனைக் கைநீட்டித் தடுத்தார்.

"தம்பி, உங்கள எனக்குத் தெரியும்."

நிலவனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"வாய்தாவுக்கு வாய்தா காத்தவராயன் பொஞ்சாதி ஆதிலட்சுமியக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனது இந்த ஆட்டோதான். கூண்டுல நீங்க நின்னத நான் பின்னால இருந்து பாத்தேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, 'எம் புருசன் நாதியத்து ரோட்டுலயே கெடந்து செத்தாரா அண்ணே'ன்னு. எனக்குப் பதில் தெரியல. இன்னிக்கு ஸ்டேசன்ல உங்களப் பாத்ததும் நானாத்தான் வண்டியக் கொண்டாந்து நிறுத்தினேன்."

"அவரு ஒடனே சாகலீங்க அண்ணே," என்றான் நிலவன். மூன்றாண்டு பூட்டியிருந்த கதவு தானாகத் திறந்தாற்போல அச்சொற்கள் வெளிவந்தன. "அதச் சொன்னா கேசு மறுபடி வருமோன்னு பயந்துட்டேன். சாமி கால்ல வுழுந்துட்டுப் போயிரலாமுன்னு வந்தேன்."

டோமினிக்கு வண்டியை விட்டு இறங்கினார். பின்னர், "சாமி கால்ல வுழுறது உங்க விருப்பம். ஆனா கேட்டது சாமி இல்ல, ஆதிலட்சுமி," என்று மட்டும் சொல்லி முன்னே நடந்தார்.

பம்பையும் உடுக்கையும் முழங்கின. சாம்பலும் மண்ணும் குழைத்து, மல்லாந்து கிடக்கும் பேருருவொன்று சுடலை நடுவே அமைக்கப்பட்டிருந்தது; அதன்மேல் அவித்த பயறும் கிழங்கும் கொழுக்கட்டையும் காய்கனிகளும் குவிந்திருந்தன. கூட்டம் பிளந்து வழிவிட, செஞ்சாந்து பூசிய முகமும், வேப்பிலை சூடிய முடியும், மரத்தால் இயன்ற கைகள் இருமருங்கும் விரிந்த தோளும், வலக்கையில் முறமுமாக மாயவன் வந்தான். வந்தவன் மாயவன் என்பதை ஊர் மறந்தது, அவனும் மறந்தான். இடியேறு விழுந்த பனைபோல ஒரு நொடி அசைவற்று நின்று, மறுநொடி சூறைக்காற்றில் சுழலும் தீப்போல ஆடத் தொடங்கினான். அடிவைத்த இடமெல்லாம் சாம்பல் எழுந்து புகையாய்ச் சூழ, பெண்டிர் குலவையிட, முறத்தால் அள்ளியள்ளி எறிந்த பயறையும் கிழங்கையும் மக்கள் மடியேந்திப் பெற்றனர்.

நிலவன் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றான். 'அன்னை என்னை அறிவாள். கூட்டத்தின் நடுவே சுட்டிக்காட்டுவாள். அடித்தாலும் அடிக்கட்டும்' என்று அவன் உள்ளம் ஏங்கிற்று. ஆடிவந்த கோலம் அவன் முன் நின்றது. சிவந்த விழிகள் அவனை நோக்கின. விரல்கள் அவன் நெற்றியில் சாம்பலைத் தேய்த்தன. பின், அருகில் நின்றவர் நெற்றியிலும், அவருக்கடுத்தவர் நெற்றியிலும் அதே சாம்பலைத் தேய்த்து அன்னை அகன்றாள். பிறருக்குத் தராத எதனையும் அவள் அவனுக்குத் தரவில்லை. சினமும் தரவில்லை, ஆறுதலும் தரவில்லை. தான் செய்யவேண்டியதைத் தெய்வத்தின் தலைமேல் ஏற்றிவிட வந்த தன் கோழைமை அப்போதுதான் அவனுக்கு முழுதும் விளங்கிற்று.

ஆட்டம் ஓய்ந்து கூட்டம் கலைகையில், புங்கமரத்தடியில் தன் பன்னிரண்டு அகவை மகள் பாரதியோடு அமர்ந்திருந்த ஆதிலட்சுமியிடம் டோமினிக்கு அவனை அழைத்துச் சென்றார். அவள் தலைநிமிர்ந்தாள், அறிந்துகொண்டாள், எழுந்து நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"நான் கோர்ட்டுல சொன்னது பொய்யிங்கம்மா," என்றான் நிலவன். "அவரு ஒடனே சாகல. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் எம்மடியிலதான் படுத்திருந்தாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். நீங்க கேசு போடோணுமுன்னா போடுங்க. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

அவள் மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். காற்றினும் மெல்லிய குரலில் கேட்டாள்:

"எதுனா சொன்னாரா?"

"சொன்னாருங்க. 'வூட்டுக்குப் போன் போட்டு, கால்ல சின்ன அடி, பொழுதோட வந்துடுவாருன்னு சொல்லுங்க, அவ பயந்துக்குவா'ன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு. நம்பரு சொல்றதுக்குள்ள..."

ஆதிலட்சுமியின் வாயிலிருந்து எழுந்த ஒலி அழுகையா சிரிப்பா என்று அருகிருந்தோர் அறியவில்லை. "எப்பவும் இப்புடித்தான்! சூளையில கையச் சுட்டுக்கிட்டு வந்தாலும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாரு!" என்று கூறி, மண்ணில் அமர்ந்து, முழந்தாளில் முகம் புதைத்தாள்.

செஞ்சாந்து பாதி கலைந்த முகத்தோடு மாயவன் விரைந்து வந்தான். செய்தி அவன் செவிக்கு எட்டியிருந்தது. நிலவனின் சட்டையைப் பற்றினான். "மூணு வருசமா வாயில மண்ணாடா வச்சிருந்த?" என்றான். நிலவன் கையுயர்த்தவில்லை, கண் தாழ்த்தவுமில்லை. அடி விழும் என்று அனைவரும் அஞ்சிய அந்நொடியில் ஆதிலட்சுமி முகம் நிமிர்த்தினாள்.

"வுடு மாயவா. அவரு தனியாக் கெடக்கல. அது போதும் எனக்கு." பின் நிலவனை நோக்கினாள். அந்த நோக்கில் கனிவில்லை, பகையும் இல்லை. "பொய் சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மனசு ஆறிடுச்சின்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒக்காருங்க. மொதல்லேருந்து இன்னொரு வாட்டி சொல்லுங்க. எம் பொண்ணும் கேக்கட்டும், மாயவனும் கேக்கட்டும். எதையும் வுடாமச் சொல்லுங்க."

பற்றிய கை தளர்ந்தது. மாயவன், அன்னையின் கோலம் களையாமலே, அண்ணன் மகளின் அருகில் அமர்ந்தான். டோமினிக்கு சற்று அப்பால் தலைகுனிந்து நின்றார். நிலவன் சாம்பல் படிந்த அந்த மண்ணில் அமர்ந்து, பனி மூடிய விடியலிலிருந்து தொடங்கி, ஒன்றும் ஒளியாது சொன்னான். பாரதி இடைமறித்து, அப்பா எந்தச் சட்டை போட்டிருந்தார், வலித்ததென்று சொன்னாரா, கண் திறந்திருந்ததா என்றெல்லாம் கேட்டாள். அறிந்ததற்கு விடை தந்தான். அறியாததை அறியேன் என்றான். கதிரவன் முந்திரித் தோப்புகளுக்கு அப்பால் தாழ்ந்து மறையும்வரை அவன் அதனை மும்முறை சொல்ல நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் அதனை முதன்முறை கேட்போர் போலவே கேட்டனர்.

மன்னிப்பு என்னும் சொல்லை அன்று அங்கே எவரும் கேட்கவில்லை, எவரும் வழங்கவுமில்லை. இறந்தவர் தம் மனைவிக்கென விடுத்த ஒரு சொல், மூன்றாண்டு காலம் வழிதவறி அலைந்து, உரியவளின் செவியைச் சென்று சேர்ந்தது, அவ்வளவே நடந்தது. கணவன் ஆடிய களத்தில் அமர்ந்து, அவன் தனக்காகக் கவலையுற்ற கடைசிக் கணத்தை அந்தப் பெண் மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொண்டிருந்தாள். இருள் வந்து சூழ்ந்ததை அவர்களுள் ஒருவரும் உணர்ந்திலர்.