நழுவாத காகிதம்

கதிரேசனுக்குப் பொய் சொல்ல வராது என்று கணபதி வட்டாரத்தில் அவனுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவனே கெடுத்துக்கொண்டான்.

எதிரே தாராபுரத்துக் கோழிப்பண்ணைக்காரர் பாலுசாமி உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் பண்ணையில் குஞ்சு இறங்குகிறது. கொட்டகையில் சூடு ஏறினால் ஃபேன் ஓட வேண்டும், குறைந்தால் ஹீட்டர் எரிய வேண்டும். அதற்கான கன்ட்ரோல் போர்டைக் கம்பெனியில் கொடுத்துச் செய்தால் பத்து நாள் ஆகும். கதிரேசன் வீட்டில் இரண்டே நாள்.

கேட்பதற்கு வேலை சுலபம்தான். சர்க்யூட் படத்தை லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சடித்து, செம்பு ஒட்டிய அட்டைமேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால், மை தாளை விட்டுச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலில் போட்டால் மை இல்லாத செம்பெல்லாம் கரைந்துவிடும். ஒரு பக்கப் போர்டு என்றால் யாரும் செய்துவிடலாம். இரண்டு பக்கம் என்றால்தான் உயிரை வாங்கும். மேல்பக்கத்துப் புள்ளிக்கு நேர் கீழே கீழ்ப்பக்கத்துப் புள்ளி உட்கார வேண்டும்.

அந்த வேலை கதிரேசனின் மனைவி அன்புக்கரசியுடையது. இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, புள்ளிகளைப் பொருத்தி, மூன்று ஓரமும் ஸ்டேப்ளர் அடித்து உறை மாதிரி ஆக்குவாள். அதற்குள் அட்டையைச் செருகித் தேய்ப்பாள். அவள் கையில் இதுவரை ஒன்றும் பிசகியதில்லை.

சோதித்துக் காட்டுவதற்காகக் கதிரேசன் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தான். ஐ.சி. சில்லு சுட்டது, புகைந்தது, போய்ச் சேர்ந்தது.

"ஏனுங்க தம்பி, என்னாச்சுங்க?" என்றார் பாலுசாமி.

போர்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் கதிரேசனுக்குப் புரிந்துவிட்டது. மூலையில் போட்டிருந்த அவன் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருந்தது. தேய்க்கும்போது படம் திரும்பிவிடும் என்பதால் மேல்பக்கத்தைத் திருப்பியும், ஏற்கெனவே திரும்பியே இருக்கும் கீழ்ப்பக்கத்தை அப்படியேயும் அச்சடிக்க வேண்டும். அவன் அவசரத்தில் மாற்றிப் போட்டிருந்தான். இரண்டு பக்கமும் சேர்ந்தே திரும்பியதால் ஐ.சி.யின் கால்கள் இடம் வலம் மாறிப்போயிருந்தன; துளைகள் மட்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன. அவள் செய்தது சுத்தம். குப்பை முழுக்க அவனுடையது.

சொல்லியிருக்கலாம். அரை நிமிஷத்து அவமானம். ஆனால், "அன்பு தேய்க்கறப்பப் பேப்பர் நழுவிப்போச்சுங்கண்ணா" என்று வாய் சொல்லிவிட்டது.

டீ டம்ளரோடு வந்த அன்புக்கரசி சமையற்கட்டு வாசலிலேயே நின்றாள். போர்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். டம்ளரைப் பாலுசாமி முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இந்த மாதிரி நுணுக்க வேலையப் பொம்பளைங்க கையில உடலாமுங்களா? அடுத்ததை நீங்களே தேச்சுப்போடுங்க. நா வியாழக்கிழமை வாரேன்" என்றார் பாலுசாமி.

"சரிங்கண்ணா" என்று தலையை வேறு ஆட்டினான், மகா உத்தமன்.

கதிரேசனிடம் வரும் வேலையில் பாதி பாலுசாமி வாய்வழியாக வருவது. பண்ணை பண்ணையாகப் போய்ச் சொல்வார். அடுத்த மாதத்திலிருந்து போர்டு வேலையைத் தன் பேரிலேயே எடுத்துச் செய்வதாக அன்புக்கரசி சொல்லியிருந்தாள். அவள் பேர் எங்கே நல்லபடி போய்ச் சேர வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் அவன் மண்ணைப் போட்டிருந்தான். அன்று மத்தியானம் அவள் வழக்கம்போலச் சோறு பரிமாறினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

புதன்கிழமை காலை படங்களைச் சரியாக அச்சடித்து, அவளைக் கூப்பிட முகமில்லாமல், தானே தேய்த்தான். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்துப் பார்த்தால் கீழ்ப்பக்கம் ஒரு நூல் நகர்ந்திருந்தது. இப்போது நிஜமாகவே நழுவியிருந்தது. மீதம் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் விழித்தபோது, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்புக்கரசி எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"நகருங்க" என்றாள்.

அவ்வளவுதான். தாள்களை வெளிச்சத்தில் பிடித்தாள், பொருத்தினாள், தேய்த்தாள். அவள் நெற்றி வேர்வையைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றவனுக்குக் கூசியது.

"தப்பு எம்மேலதான் அன்பு."

"எனக்குத்தான் தெரியுமுங்களே. எழுத்துத் திரும்பியிருந்தது எங்கண்ணுக்குத் தெரியாதா? தெரியாத ஆளு தாராபுரத்துல இருக்கறாரு."

வியாழக்கிழமை பாலுசாமி வந்தார். போர்டு ஓடியது. சூடு காட்டினால் ஃபேன் சுற்றியது, ஆறினால் ஹீட்டர் சிவந்தது. அவர் கதிரேசனின் முதுகில் தட்டினார். "பாத்தீங்களா? நீங்க கை வெச்சதும் சோக்கா வந்துருச்சு!"

வீட்டுக்குள் மிக்சி ஓடி நின்றது. இப்போதும் பல்லைக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதே, அதற்காகத்தான் பின்னால் அவன் அதிகம் வெட்கப்பட்டான்.

"நா கை வெச்சது வீணாப் போச்சுங்கண்ணா. இது அன்பு செஞ்சது. முன்னாடி புகைஞ்சதும் என் தப்பு. படத்தை நாந்தான் மாத்தி அடிச்சுப்போட்டேன். பேப்பர் நழுவவே இல்லைங்க. உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

பாலுசாமியின் முகம் சுண்டியது. "என்ன தம்பி இப்படிப் பண்ணிப்போட்டீங்க? நா ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே! கணபதியில போர்டு குடுத்தா அந்த அம்மணி கையில மட்டும் குடுக்க வேண்டாம்னு."

நாலு சுவருக்குள் விட்ட வார்த்தை என்று கதிரேசன் நினைத்திருந்தான். அது அதற்குள் பஸ் ஏறிப் போயிருந்தது.

அன்புக்கரசி வெளியே வந்தாள். "யாரு யாருகிட்டச் சொன்னீங்கண்ணா?"

"தீவனக் கடைக்காரரு, ஒயரிங் பண்ற பையன், அந்தியூர்ல எஞ்சம்பந்தி... ஒரு எட்டுப் பேரு இருக்குமுங்க அம்மணி. நானே சொல்லிக்கறேன், உடுங்க."

"நீங்க எதுக்குங்கண்ணா சொல்லோணும்?"

நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கதிரேசன் முன்னால் வைத்தாள். பாலுசாமி ஃபோனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நம்பராகச் சொல்ல, அவன் தலைநிமிராமல் எழுதினான். எட்டும் எழுதி முடித்து, முதல் நம்பரை அழுத்தி, ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள் அன்புக்கரசி.