மூன்றாவது பாட்டில்

பஸ் ஓட்டுகிற மனுஷனுக்குத் தெரிந்த பூ இரண்டே வகை: பெரியது, சின்னது. அவரைப் போய்ச் செடி பார்க்க அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

அனுப்பியது அவர் மனைவி. காட்டுப் பூச்செடிகளின் குரோமோசோம்களை ஆராய்வது அவள் வேலை. மகரந்தம் உருவாகும் வேளையில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நின்று, அப்புறம் பிரியும். ஆனால் டிப்போவுக்குப் பின்னால் இருந்த மேட்டில் தானாக முளைத்த ஆறு மஞ்சள் பூச்செடிகளில் ஏதோ ஒன்றில் நான்கு குரோமோசோம்கள் வளையமாகக் கைகோர்த்து நின்றன. வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்த இரண்டு, எப்போதோ தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொண்டால்தான் அப்படி நிற்கும்.

எந்தச் செடி என்றுதான் தெரியவில்லை. அவசரத்தில் ஆறு செடிகளின் மொட்டுகளையும் அம்மணி ஒரே பாட்டிலில் போட்டுவிட்டாள். அவளுடைய பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியை அந்த ஒற்றை ஸ்லைடைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மொட்டை நசுக்கும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும்மா. இன்னொரு தடவை காட்டு. இல்லேன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துடு."

மறுபடி மொட்டெடுக்க மேடேறியவள் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். செடிகளோ பூத்து ஓயும் கட்டத்தில் இருந்தன. நான்கு வருஷ உழைப்பின் உயிர்நாடியே அந்த அத்தியாயம்தான். மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அவள் படுத்திருந்ததைப் பார்க்க டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. தானே போவதாகச் சொன்னார்.

"செடிக்கு ஒரு பாட்டில். குட்டி மொட்டா எடுங்க. கலந்துடாதீங்க."

"கலக்கறதெல்லாம் உன் டிபார்ட்மென்ட். நான் ஒழுங்கா எடுத்துட்டு வரேன்."

ஒழுங்காகத்தான் எடுத்தார். பழைய காக்கிச் சட்டையைக் கிழித்துச் செடிக்குச் செடி எண் எழுதிக் கட்டினார். பாட்டில்களிலும் அதே எண்ணை எழுதினார். மொட்டுகளைப் பார்த்தபோதுதான் அவருடைய தாராள குணம் குறுக்கே வந்தது. எல்லாம் கடுகத்தனை. இதையா கொண்டுபோய்க் கொடுப்பது என்று, நன்றாக விரிந்த பூக்களாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து நிரப்பினார்.

காடி நெடி அடிக்கும் ஆய்வறைக்குக் கைத்தாங்கலாக வந்து, அவள் பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "மொட்டு எங்கங்க?"

"அது ரொம்பப் பொடிசா இருந்துச்சும்மா. நல்லதா எடுத்தேன்."

விரிந்த பூவில் ஜோடி சேரும் அந்தக் கூத்தெல்லாம் முடிந்து, வெறும் மகரந்தம்தான் மிஞ்சியிருக்கும். அவள் பாட்டில்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். அவள் திட்டினால் தாங்குவார், பேசாமல் இருந்தால் தாங்க மாட்டார்.

"திட்டிடேன். மனசு ஆறிடும்."

"இருங்க. கொஞ்சம் யோசிக்க விடுங்க."

துண்டு மாறிய செடியில் மகரந்தத்தில் பாதி பெரும்பாலும் பதராகிவிடும். இவ்வளவு நாள் வளையத்தையே தேடிக்கொண்டிருந்த அவளுக்கு அந்தப் பதர் நினைவுக்கே வரவில்லை. முதல் பாட்டில் பூவிலிருந்து மகரந்தத்தை உதிர்த்துச் சிவப்புச் சாயத்தில் பார்த்தாள். எல்லாம் சிவந்து திரண்டிருந்தன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பாதி சிவப்பு, பாதி வெறும் கூடு. மற்ற மூன்றிலும் குறையே இல்லை.

"மூணாவது செடி எங்க இருக்கு?"

"பம்பு ரூம் சுவரோரமா. சட்டைக் காலர் கட்டியிருக்கேன்."

மறுநாள் டியூட்டிக்கு முன்னால் போய், அந்தச் செடியில் மிச்சமிருந்த கடுகு மொட்டுகளைப் பொறுக்கி வந்தார். ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவை பாட்டிலில் இருந்த காடித் திரவத்தில் ஊறி முடிந்ததும் அவள் வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, சாயம் விட்டு, கண்ணாடிக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். ஒன்று முற்றிவிட்டது, ஒன்று பிஞ்சு. ஒன்றில் விரல் நழுவி எல்லாம் சுருண்டுபோனது. டிரைவர் மூச்சுவிடவே பயந்து சுவரோரமாக நின்றார்.

கடைசி மொட்டை வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"முதல்ல நீங்க பாருங்க," என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நாலும் விடாம பிடிச்சிட்டிருக்கே."

"துண்டு மாத்திக்கிட்டதுங்க. இனிமே அப்படித்தான் நிக்க முடியும்."

பேராசிரியை வந்து பார்த்தார். ஒரு செல்லில் இருந்தால் ஒட்டியது என்று சொல்லிவிடலாம். செல்லுக்குச் செல் வளையம் நின்றது. "அத்தியாயம் இருக்கட்டும்," என்றார். மொட்டு எடுத்தது யார் என்று கேட்டபோது டிரைவர் மேஜைக்கு அடியில் எதையோ தேடினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் தங்கள் பழைய காரைச் சட்டென்று சாலையோரம் ஒதுக்கினார்.

"என்னங்க?"

"அந்தச் சாக்கடைப் பக்கம் மஞ்சளா என்னவோ பூத்திருக்கு. இலை மட்டும் வேற மாதிரி இருக்கு. மொட்டு இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். கட்டுப்போட்ட காலோடு அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏன்யா, வண்டி ஓட்டறியா, கல்யாண மேளம் வாசிக்கிறியா? சுத்திப் போய்யா," என்றாள், இருபது வருஷம் பஸ் ஓட்டியவள் மாதிரி.