வள்ளத்துக்கு ஒரு நிழல்

உச்சி வெயிலில், சாலைத் தெரு வீட்டின் பின்முற்றத்தில், கோலப்ப பிள்ளையும் அவர் மனைவி உலகம்மையும் ஒரு மீன்பிடி வள்ளத்துக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பொட்டுத் தண்ணீர் கிடையாது. வள்ளம் இரண்டு சக்கர டிரெய்லரின் மேல் இருந்தது. வள்ளத்திலேயே நாலு மூங்கில் நட்டு, தலைக்கு மேலே தார் பூசிய பட்டாளத்துப் படுதா ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார் பிள்ளை. மடியில் கடிகாரம். பார்வை மட்டும் அவள் நெற்றியிலேயே இருந்தது.

"என்ன உலகம்மே, வலிக்கா?"

"வெயிலு ஒண்ணும் செய்யல்ல. இந்தத் தாரு நாத்தந்தான் மண்டையப் பொளக்கு."

"அப்பம் இது வேண்டாம்," என்று பிள்ளை அப்போதே எழுந்து கயிற்றை அவிழ்த்தார். படுதா அவர் தலையிலேயே விழுந்தது.

சாலைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் மனுஷருக்கு ஆணியும் கீலும் ஆறு நாள், ஞாயிற்றுக்கிழமை தூண்டில். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது அந்த டிரெய்லரை எடுத்தார். வள்ளத்தை அதில் ஏற்றி, பழைய ஆஸ்டின் காரின் பின்னால் மாட்டி, வெள்ளாயணிக் காயலுக்கு மீன் பிடிக்கப் போவார். ஏழு வருஷமாகத் தனியாகத்தான் போக்குவரத்து. உலகம்மைக்கு வெயில் ஆகாது. அரை மணிநேரம் பட்டால் போதும், ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொள்ளும். மறுநாள் வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள்.

அப்படிப்பட்டவள் போன மாசம் கரிமீனுக்குச் செதிள் உரசிக்கொண்டே, "ஒரு நாளு நானும் வாறேன். நிழலு இருந்தாப் போதும்," என்றாள். அவ்வளவுதான். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கடையில் கொண்டி கேட்டவனுக்குக் கீலை எடுத்துக் கொடுத்தார்.

சந்தோஷத்தோடு பயமும் இருந்தது. உலகம்மை ஒரு காரியத்தை இரண்டாம் தடவை கேட்கிற ரகம் இல்லை. கல்யாணமான புதிதில் ஹார்மோனியம் படிக்க வேண்டும் என்றாள். "பாப்போம்," என்றார் இவர். இருபத்துநாலு வருஷமாயிற்று, அந்த வீட்டில் ஹார்மோனியம் என்ற பேச்சே எழுந்ததில்லை. அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லை நினைத்தால் பிள்ளைக்கு இன்றும் சோறு இறங்காது. இந்தத் தடவை சொதப்பினால் அவள் கோபிக்க மாட்டாள், கரிமீனுக்கு மறுபடி செதிள் உரசப் போய்விடுவாள். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை விழுவதற்குள் ஒரு நல்ல நிழல் வேண்டும்.

படுதாவுக்குப் பிறகு வெள்ளைக் காடாத் துணி. அதற்குள் வெளிச்சம் பால்போல் இறங்கிக் கண்ணைக் கூசவைத்தது. பிறகு கறுப்புக் குடைத்துணி. பத்தே நிமிஷத்தில் இருவரும் இட்டிலிக் கொப்பரைக்குள் இருக்கிறமாதிரி வெந்துபோனார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, வள்ளத்தில் ஏறிக் கண்ணை மூடி உட்காருவாள். ஒரு முணுமுணுப்பு கிடையாது. உண்மையில் அந்த மத்தியானங்கள் பிள்ளைக்குப் பிடித்துப்போயிருந்தன. கடைசியில், ஓலை முடைகிற பொன்னம்மையைக் கூப்பிட்டுத் தென்னங்கீற்று முடையச் சொன்னார்.

"பச்சையாட்டா வேணும் பிள்ளைவாள்? ஊறப்போட்டு, காயவச்சில்லா கூரைக்குப் போடுவாவ."

"பச்சைதான் குளிர்ச்சி. நீ முடையி."

நாலு மூங்கில்மேல் பச்சை ஓலை ஏறியது. உலகம்மை உள்ளே உட்கார்ந்தாள். கால் மணி, அரை மணி. கண்ணைத் திறந்து, "சொகமா இருக்கு," என்றாள். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டார். உள்ளேயிருந்து பார்த்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். வெளியே நின்று அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிள்ளை, மங்களமாக இருக்கட்டும் என்று நாலு மூங்கிலிலும் சிவப்புச் செத்திப்பூ மாலை சுற்றினார். பக்கவெயில் படாமலிருக்கக் குருத்தோலையைக் கிழித்துச் சுற்றிலும் தொங்கவிட்டார். உலகம்மை புளிச்சோற்றுத் தூக்குடன் காரின் முன்ஸீட்டில் ஏறினாள். வேகமாகப் போனால் ஓலை பறக்கும் என்று ஊர்ந்து ஊர்ந்துதான் ஓட்டினார்.

கிள்ளிப்பாலம் தாண்டியதும் ஒரு சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நின்றார். சுமட்டுக்காரர் ஒருவர் சுமையை இறக்கிவைத்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கரமனைப் பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது. பிள்ளைக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தியா, நம்ம வள்ளத்துக்கு உள்ள மரியாதைய!"

உலகம்மை தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாப்பனங்கோட்டில் சாயாக்கடைக்காரர் அடுப்படியிலிருந்து இறங்கி வந்து, தோள்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்து, காரோடு கூடவே நடந்தபடி தணிந்த குரலில் கேட்டார்.

"ஆரா சாரே மரிச்சது?"

பிள்ளை காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பச்சை ஓலை, நாலு மூங்கில், சிவப்பு மாலை, தொங்கும் குருத்தோலை. அடக் கடவுளே! அச்சு அசலாகப் பாடை. இந்த அழகில் சாலைத் தெருவிலிருந்து இதுவரைக்கும் சுமங்கலியை முன்னால் உட்காரவைத்து ஊர்வலம் வந்திருக்கிறார்.

"உலகம்மே," என்றார். எல்லாம் போயிற்று. திரும்பி வீட்டுக்குப் போவோம் என்பாள். அத்தோடு சரி, இனி ஒரு நாளும் கேட்க மாட்டாள்.

"கதவத் தொறங்கோ," என்றாள் அவள்.

இறங்கினாள். வீட்டுப்பக்கம் நடக்கவில்லை. டிரெய்லரின் சக்கரத்தில் காலை வைத்து, சேலையை ஒரு கையால் பிடித்து, முற்றத்தில் எத்தனையோ தடவை ஏறிய பழக்கத்தில் வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்தாள். குருத்தோலையை விலக்கிச் சாயாக்கடைக்காரரைப் பார்த்தாள்.

"ஆரும் மரிச்சிட்டில்ல. மீன் பிடிக்கப் போறோம்."

கடைக்காரர் கழற்றிய துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"அங்க என்ன முழிச்சிட்டிருக்கியோ?" என்று உலகம்மை காரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "நல்ல நிழலாக்கும் இது. நான் இதுலதான் வருவேன். வண்டிய எடுங்கோ."

பிள்ளை வண்டியை எடுத்தார். சாலையோரத்தில் ஜனங்கள் இன்னமும் ஒதுங்கி நின்று துண்டைக் கழற்றிக் கும்பிட்டார்கள். காரின் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஆடுகிற ஓலைகளுக்கு நடுவே உலகம்மை, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, கும்பிட்ட ஒவ்வொருவருக்கும் பதில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள்.