லூர்துக்குப் போகும் வழியில் முதல் தரிப்பு

டென்மார்க்கின் ரண்டர்ஸில் வீடும் கட்டிலும் அரைமணித்தியால ஓட்டத்தில் கிடக்க, வாடகைக்குத் தங்குகிற ஒரு கம்பிங் புல்வெளியில், காரின் பின்னால் இழுக்கிற கரவன் வீட்டை நிறுத்தி அதற்குள் முடங்கிப் படுக்கிற விசர் வேலையை இந்த உலகத்தில் மரியரட்ணம் ஒருவர்தான் செய்வார். கேட்டால், நேர்த்திக்கென்று வெளிக்கிட்ட கால் பிரான்சில் லூர்து மாதாவின் கெபியைக் கும்பிடாமல் திரும்பி வீட்டுப்படி மிதிக்கக் கூடாதாம். நேர்த்தி வைத்தவள் என்னவோ அவர் மனைவி விக்ரோரியா. சட்டம் போடுகிறவர் அவர்.

கரவனை நோர்வேயிலிருந்த சிநேகிதன் குணசேகரத்திடம் வாங்கி, ஃபெரியில் ஏற்றி, முதல்நாள் பின்னேரம் டென்மார்க்கின் வடகரையில் இறக்கியிருந்தார்கள். ஃபெரியால் இறங்கிய அன்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கரவன் இழுக்கக் கூடாது என்று மரியரட்ணத்தின் கொப்பியில் எழுதியிருந்தது. முதல் இரவு இங்கே. அடுத்தது ஹம்பேர்க் தாண்டி. பிறகு பிரான்சுக்குள் றைம்ஸ், ஓர்லியோன், போர்தோ. பிரான்சில் பெருந்தெரு ஓய்விடங்களில் படுக்கவே கூடாது, கள்ளர் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள், ஊருக்குள்ளே போய் கம்பிங்கில்தான் படுக்க வேண்டும் என்றும் இருந்தது. இத்தனைக்கும் மனுசன் வாழ்நாளில் கரவன் இழுத்தது நேற்றுத்தான்.

அவருக்கு எல்லாம் தெரியும். அதுதான் அவருடைய தீராத நோய். வன்னிச் சண்டையையும் அப்படித்தான் ஒரு வருசமாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். கோயில் முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கிற சனத்துக்கு மேசையில் விரலால் வரைந்து காட்டுவார். "இது பின்வாங்கலில்லை, பொறி. இயக்கப் பெடியள் ஆமியை உள்ள விட்டு அடிப்பாங்கள், இருந்து பாருங்கோ." கிளிநொச்சி விழுந்தபோதும் அதையே சொன்னார். முல்லைத்தீவு விழுந்தபோதும் அதையே சொன்னார். இப்போது, 2009 மே மாதத்தில், எல்லாம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்து மூன்று நாள். ஃபெரியில் மட்டும் வாய் திறக்காமல் வந்தார்.

விக்ரோரியாவின் நேர்த்தி தம்பி அல்பேட்டுக்காக. அவன், மனைவி எமிலியா, பதினேழு வயது டெறிக், ஒன்பது வயது மெரின், நாலு பேரும் வன்னிக்குள்ளே. உயிரோடு இருக்கிறார்களோ இல்லையோ என்று நாலு மாதமாகத் தெரியாது. போன ஆவணியில் மெரினின் இருதய வருத்தத்தைக் காட்டி அவர்களுக்கு வன்னியை விட்டு வெளியே வர இயக்கத்தின் பாஸ் கிடைத்திருந்தது. வரவில்லை. "உன்ர தம்பி வரமாட்டானாம், மண்ணை விட்டிட்டு வாறது மானக்கேடாம்" என்று, வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவளுக்கு மரியரட்ணம்தான் சொன்னார். அன்றுதொட்டு விக்ரோரியா தம்பியைத் திட்டாத நாளில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீரம் காட்டுகிறான், மூதேவி, என்று சுவரோடு கதைத்துக் கதைத்தே குளிர்காலத்தைக் கழித்தாள்.

காலை ஏழு மணி. மரியரட்ணம் வெளியே இரும்புச் சுற்றுக்கம்பியைப் போட்டு, கரவனை நிலத்தில் தாங்கி நிற்கிற பின்கால் இரண்டையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். காரில் இன்னும் கொழுவவில்லை. கொழுவாமல் கால் ஏற்றினால் கரவன் குடைசாயும் என்பது கொப்பியில் இல்லைப் போல. விக்ரோரியா உள்ளே கேத்தலைக் கொதிக்க வைத்த நேரம் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத நம்பர்.

"மச்சாள், நான் எமிலியா."

விக்ரோரியா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டில் விளிம்பில் இருந்துவிட்டாள். "எங்கையடி நிக்கிறாய்? தம்பி எங்கை? பிள்ளையள் எங்கை?"

"செட்டிகுளம் முகாமில. நானும் டெறிக்கும்தான். ஒருத்தன் போன் தந்தவன், மூண்டு நிமிசம்தான் கதைக்கலாம்."

"தம்பி?"

"அவரும் மெரினும் பங்கருக்குள்ள இருந்தவை, மச்சாள். நான் தண்ணிக்குப் போனனான். திரும்பி வர பங்கர் இல்லை. மோதிரத்தைக் கண்டுதான் அந்தக் கை அவருடையதெண்டு பிடிச்சன். பிள்ளையின்ர ஒண்டும் கிடைக்கேல்லை. மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு ஓடி வந்திட்டம்."

விக்ரோரியா அழவில்லை. எமிலியாவின் குரலிலும் அழுகை இல்லை.

"பாஸ் வந்த அண்டைக்கே வந்திருக்கலாம், மச்சாள். அவர் பெட்டியெல்லாம் கட்டிப்போட்டுத்தான் உங்களுக்குப் போன் எடுத்தவர். நீங்கள் வேலையில. மரியரட்ணம் அண்ணைதானே வேண்டாமெண்டவர். உள்ள விட்டு அடிக்கப் போறாங்கள், ரெண்டு மாசம் பொறு, இப்ப ஓடினா பிறகு ஒருத்தற்ற முகத்திலையும் முழிக்கேலாது எண்டு சொன்னவர். இவருக்கு அத்தான் சொன்னா வேதவாக்கு. கட்டின பெட்டியை அவிட்டவர்."

தொடர்பு அறுந்தது.

கதவு திறந்தது. மரியரட்ணம் சுற்றுக்கம்பியோடு ஏறி வந்து, அதை மேசையில் போட்டார். "ஆர் காலங்காத்தால?"

"எமிலியா. தம்பியும் மெரினும் செத்துப்போச்சினம்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயோ, மாதாவே."

"மாதாவைக் கூப்பிடாதை." இருபத்துநாலு வருசக் கலியாணத்தில் அவரை அவள் ஒருமையில் விளித்தது அதுதான் முதல் தடவை. "போகவேண்டாமெண்டு சொன்னது நீயோ?"

மரியரட்ணம் முதலில் இல்லை என்றார். பிறகு, அந்த நேரம் எல்லாரும் அப்பிடித்தானே கதைச்சவை என்றார். பிறகு, நான் நல்லதுக்குத்தானே என்று தொடங்கினார்.

"அவன் வரமாட்டனெண்டான் எண்டு ஏன் எனக்குப் பொய் சொன்னனீ? பத்து மாசம் என்ர தம்பியை நான் வாய்க்கு வந்தபடி திட்டினனே! செத்தவனைத் திட்டினனே! நாயே!"

"சத்தம் போடாதை. பக்கத்தில வெள்ளையள் பாக்குதுகள்."

அவள் இன்னும் உரத்துக் கத்தினாள். அவர் பளார் என்று அவள் கன்னத்தில் அறைந்தார். அந்த அறை அவளைத் தடுக்கவில்லை, கிளப்பிவிட்டது. சுற்றுக்கம்பி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்து ஓங்கி அவருடைய வாயில் அடித்தாள். அந்த வாயைத்தான் அவள் குறி வைத்தாள். முன்பல் உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

இரண்டாவது அடியை அவர் கையால் மறித்தார். மணிக்கட்டு முறிந்து கை தொங்கியது. "விக்ரோரியா!" என்று பின்பக்கமாக நகர்ந்தார். அவளும் விடாமல் பின்னால் போனாள். இரண்டு பேரின் பாரமும் பின்பக்கம் சேர, தாங்கக் காலில்லாத கரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்தது. கோப்பைகள் பறந்தன. கேத்தல் அடுப்பிலிருந்து வழுக்கி வந்து கொதிநீரை அவருடைய தொடையில் ஊற்றியது. மாடு மாதிரிக் கதறினார். அவளுக்கும் பாதம் வெந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சரிந்த தரையில் முழங்காலூன்றி, அவருடைய தோளில் அடித்தாள், விலாவில் அடித்தாள். "இது தம்பிக்கு. இது பிள்ளைக்கு. அடிப்பாங்களோ? உள்ள விட்டு அடிப்பாங்களோ? இந்தா, நான் அடிக்கிறன்!"

அடுத்த அடியில் நெற்றி பிளந்து இரத்தம் அவர் கண்ணை மூடியது. லூர்தில் கொளுத்தவென்று வாங்கிய மெழுகுதிரிப் பெட்டி இரத்தத்தில் ஊறியது. கம்பியைத் தலைக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கினாள். அதை இறக்கியிருந்தால் மனுசன் அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும். இறக்கத்தான் நினைத்தாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்துக் கரவனின் டேனிஷ் கிழவர். அவருடைய நாய் குரைத்தது. எல்லாம் சரியோ என்று கேட்டார்.

பல்லில்லாத வாயால் மரியரட்ணம்தான் டேனிஷில் பதில் சொன்னார். ஒன்றுமில்லை, கால் ஏற்ற மறந்து விழுந்துவிட்டோம் என்றார். கால் ஏற்றியே கிடக்க, ஏற்ற மறந்தது எப்படி என்று கிழவர் வெளியே குழம்பியிருக்க வேண்டும். ஆம்புலன்சுக்குப் போன் எடுக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றார் இவர். காலடிச் சத்தம் மெல்ல விலகியது.

விக்ரோரியாவின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அப்போது தொலைபேசி மறுபடி அடித்தது. ஒரு கையில் கம்பியோடு மற்றக் கையால் எடுத்தாள்.

"மச்சாள், கெதியாக் கேளுங்கோ." எமிலியா மூச்சு வாங்கினாள். பின்னால் ஒலிபெருக்கியில் ஆமிக்காரன் ஒருவன் கொச்சைத் தமிழில் கத்திக்கொண்டிருந்தான். "ஒரு நாள் எண்டாலும் இயக்கத்தில இருந்தாக்கள் வந்து பேர் பதியட்டாம். விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்களாம். பதியாமல் பிறகு பிடிபட்டா உயிரோட விடமாட்டாங்களாம். டெறிக்கை மாசியில இயக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பதினெட்டு நாள் வச்சிருந்தவங்கள், ஓடி வந்திட்டான். இஞ்ச ஆரும் காட்டிக் குடுத்திடுவினமெண்டு பயமாக் கிடக்கு. பஸ் நிக்குது. பிள்ளையைக் குடுக்கட்டோ, வேண்டாமோ? அண்ணையைக் கேட்டுச் சொல்லுங்கோ, மச்சாள்."

புருசனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பிறகும் அண்ணையைக் கேட்கச் சொல்கிறாள்! விக்ரோரியாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தொலைபேசியின் சத்தம் அந்தச் சின்னக் கரவன் முழுக்கக் கேட்டது. மரியரட்ணத்துக்கும் கேட்டது.

அவர் முறியாத கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். "குடுக்க வேண்டாமெண்டு சொல்லு." இரத்தத்தைத் துப்பினார். "பேர் குடுக்க வேண்டாம். சனத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கச் சொல்லு. அவங்களை நம்பாதை, விக்ரோரியா, கடவுளாணை, பிள்ளையைக் குடுக்க விடாதை!"

அவள் அந்த வாயைப் பார்த்தாள். தம்பியைப் போகவிடாமல் நிறுத்திய வாய். பத்து மாதம் பொய் சொன்ன வாய். ஒரு வருசமாக ஒன்றுகூடச் சரியாகச் சொல்லாத வாய். இது வேண்டாமென்றால் வேண்டும் என்பதுதான் சரி. அவளுக்கு அதில் ஒரு துளி ஐமிச்சமும் இருக்கவில்லை.

"குடு, எமிலியா."

"அண்ணை சொன்னவரோ?"

"நான் சொல்லுறன். ஒளிச்சா ஆபத்து. பேரைப் பதிஞ்சு பஸ்ஸில ஏத்திவிடு. விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள்."

"சரி, மச்சாள். நீங்கள் சொன்னாச் சரி." முதல் தடவையாக எமிலியாவின் குரலில் ஒரு ஆறுதல் தெரிந்தது. "டெறிக், மாமி போகச் சொல்லுறா" என்று அவள் திரும்பிச் சொன்னதும் கேட்டது.

தரையில் மரியரட்ணம் குழறிக் குழறி அழுதார். அடி விழுந்தபோது அவர் அப்படி அழவில்லை. விக்ரோரியா கம்பியை எறிந்துவிட்டு, துவாயை நனைத்து அவருடைய நெற்றியில் கட்டினாள். பிறகு கதவைத் திறந்து ஆம்புலன்சுக்கு எடுக்கச் சொல்லி அந்தக் கிழவரைக் கூப்பிட்டாள்.

டெறிக் ஏறிய பஸ் எங்கே போனதென்று எமிலியாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பதினாலு வருசம் போய்விட்டது. அவள் இன்னமும் அலுவலகம் அலுவலகமாக அவனுடைய படத்தோடு ஏறி இறங்குகிறாள். மரியரட்ணமும் விக்ரோரியாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். நான் அன்றைக்கே குடுக்க வேண்டாமெண்டு சொன்னனே என்று அவர் ஒரு தடவை, ஒரேயொரு தடவை சொன்னால் போதும், விக்ரோரியா திருப்பி ஏதாவது கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள், கொஞ்சம் மூச்சு விடுவாள். எல்லாம் தெரிந்த அந்த மனுசன் அதை மட்டும் சொல்வதேயில்லை.