கணுக்கால் உயரத்தில் ஓர் அலாரம்

பெயிண்ட் ஆலையில் கலவைக் கூடத்து மேற்பார்வையாளரை எல்லோரும் மூக்கண்ணன் என்றே அழைத்தார்கள். மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலும் எந்தப் பீப்பாய் என்று சொல்லிவிடுகிற மூக்கு அது. தினமும் காலையில் வாசலில் நிமிர்ந்து நின்று ஒரு மூச்சு இழுப்பார். "சுத்தம்" என்பார். பிறகுதான் வேலை தொடங்கும். சுவரில் கணுக்கால் உயரத்தில் ஒரு வாயு அலாரம் இருந்தது. அடிக்கடி அலறுகிறதென்று அதன் இணைப்பைப் பிடுங்கியவரும் அவர்தான்.

"நாம என்ன தரையில படுத்தா வேலை பாக்குறோம்? அங்க கொண்டு போய் வச்சிருக்கான் பாரு!"

விபத்தில்லாத ஆயிரம் நாளுக்காக ஆலைக்குக் கேடயம் வந்தது. பீப்பாய்களை மறைத்து, 'பாதுகாப்பே முதல்' என்ற பதாகையைத் தரைவரை தொங்கவிட்டார்கள். மேலாளரின் பேச்சு கேட்க வேண்டுமே என்று காலையிலேயே தரையோரத்து விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள்.

குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்கார அக்கா மட்டும் முனகினாள். "அண்ணே, தின்னர் நெடி அடிக்குது. தலை சுத்துது."

மூக்கண்ணன் நிமிர்ந்து மூச்சு இழுத்தார். "சுத்தம். முதல்ல நீ சாப்பிட்டியாம்மா?"

"பசிச்சா வயிறுதான் கத்தும், மூக்கு கத்தாதுண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். கேடயத்தைப் படமெடுக்க வந்த போட்டோகிராபர் பெரிய விளக்கைத் தாங்கியில் பொருத்தி, பிளக்கைக் கையில் எடுத்தார். அப்போது அக்காவின் மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. அவள் தரையைத் தடவித் தேடுவதைப் பார்க்க மூக்கண்ணனுக்கு மனம் பொறுக்கவில்லை. புதுச் சட்டையைக்கூடப் பாராமல் மண்டியிட்டார்.

கண்ணாடி கைக்கு வருமுன் நெடி மூக்கில் ஏறியது. பதாகைக்கு அடியில் ஈரம் பளபளத்தது. ஒரு பீப்பாயின் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. கூடம் முழுவதும் முழங்கால் அளவுக்குத் தேங்கி, ஒரே ஒரு பொறிக்காகக் காத்திருந்தது.

"பிளக்கைச் சொருகாதீங்க! எந்தச் சுவிட்சையும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

"ஒரே ஒரு போட்டோ..." என்று இழுத்தார் மேலாளர்.

"எடுத்தா, அதைப் பாக்க ஆள் இருக்காது சார்!"

வெளியே இருந்தே மின்சாரத்தைத் துண்டித்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஆயிரத்தொன்றாம் நாளும் விபத்தில்லாத நாளாகவே பலகையில் ஏறியது. 'மேற்பார்வையாளரின் மோப்பத் திறனால்' என்று மேலாளர் எழுதிய அறிக்கையில் மூக்கண்ணன் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'அக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை.'

இப்போது அலாரம் வேலை செய்கிறது. ஆனாலும் தினமும் காலையில் அவர் வாசலில் மண்டியிட்டு, தரையில் நெற்றி படக் குனிகிறார். புதிதாக வந்தவர்கள் பெரிய பக்திமான் என்று நினைக்கிறார்கள்.

"அதுவும் பொய் இல்லையே" என்கிறாள் அக்கா. "கடவுள் அன்னிக்கு அந்த உயரத்துலதானே இருந்தாரு."