பால்துரையின் மூச்சுக்குக் கூடுதல் பொறுப்பு

என் தம்பி பால்துரை போதை ஊசி போட்டுக்கொள்ளும்போது அரசாங்கம் எதிரே உட்கார்ந்து பார்க்கும். யாரும் தனியாகச் செத்துவிடக் கூடாது என்று தாலுகா ஆபீஸ் மாடியில் அதற்கொரு மையம் திறந்திருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு நான்தான் அவனை அழைத்துப் போவேன். துணைக்கு வருவது அக்காவாக இருந்தால் ஆதார் கேட்கமாட்டார்கள்.

அன்று அரசாங்கமாக உட்கார்ந்திருந்தவர் உலகம்மாள் மேடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இமைக்கவே இல்லை. இமைப்பதற்கு மேலிடத்து அனுமதி இன்னும் வரவில்லையாம்.

பத்தே காலுக்குத் தம்பியின் உதடு நீலமானது. நெஞ்சு அசையவில்லை.

"மேடம், மூச்சு விடலை!"

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"செத்துருவான் மேடம்!"

"அதெல்லாம் விடமாட்டோம்மா. அவரு மூச்சு லீவுல போயிருக்கு."

"சொல்லாமலா?"

"இப்பல்லாம் யாரு சொல்லிட்டுப் போறா?"

போதையை முறிக்கும் மாற்று மருந்து இருந்த அலமாரியை நோக்கி ஓடினேன். ஓட ஓட வராந்தா நீண்டது. கடைசியில் அலமாரி பக்கத்துத் தாலுகாவுக்குள் போய்விட்டது. அங்கே எனக்கு அதிகாரம் கிடையாது.

திரும்பி வந்தபோது மேடம் ஓர் ஆணை தட்டச்சு செய்து வைத்திருந்தார். விடுப்பில் சென்றுள்ள மூச்சு பணிக்குத் திரும்பும் வரை, தம்பியின் மூச்சை அக்கா கூடுதல் பொறுப்பாகக் கவனிப்பார்.

"எப்படி மேடம் கவனிக்கிறது?"

"உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. மாத்தி மாத்தி விடுங்க. சட்டுனு கையெழுத்துப் போடுங்கம்மா."

போட்டேன். எனக்கு ஒன்று விட்டேன். அடுத்ததை விட்டபோது அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தம் போட்டு அழுதேன். அழுகைக்கு வேண்டியதையும் என் பங்கிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

பால்துரை எழுந்தான். பசிக்கிறது என்றான். படியிறங்கி எதிர் டீக்கடைக்குப் போனான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோட்டின் நடுவில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தான்.

"யக்கா! கொஞ்சம் வேகமா விடு. லாரி வருது!"

வேகமாக விட்டேன். ஓடிக் கடந்துவிட்டான்.

டீக்கடைக்காரர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் சிரித்தான். மூன்று வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. அதற்கு ஒரு மூச்சு போதவில்லை. என் முறை வந்தது. அதையும் அவனுக்கே விட்டேன்.

"உங்களுக்கும் விடுங்கம்மா" என்றார் மேடம்.

அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.