சாமியாரின் பொன்னிறம்

ஓவியர் பெகோன்யாவின் படங்களில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. ஒரு பொன்னிறம் மட்டும் இருக்கும். ஸ்பெயினின் மத்ரித் நகரில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதுதான். பேச்சு வாங்கித் தந்ததும் அதுதான். இளவயதில் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய துறவி ஓவியத்தின் முன் உட்கார்ந்து, நகலெடுத்து நகலெடுத்துக் கற்றுக்கொண்ட நிறம் அது. துறவியை விட்டுவிடுவாள், அவர் அங்கியின் நிறத்தை மட்டும் பட்டை பட்டையாகத் தீட்டுவாள்.

"சாமியார் எங்கம்மா காணோம்?" என்று வேடிக்கை பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

"சாப்பிடப் போயிருக்காரு" என்பாள்.

அண்மையில் ஒரு விமர்சகர் அதை 'இரவல் பொன்' என்று எழுதிவிட்டார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் இது உள்ளே தைத்துவிட்டது. அறுபது வயதாகியும் தனக்கென்று ஒரு நிறம் இல்லையே என்று மனம் குமைந்தாள். அடுத்த வாரம் அவளுடைய பெரிய கண்காட்சி. எல்லாப் படத்திலும் அதே பொன். பேசாமல் கண்காட்சியை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் துறவி ஓவியம் சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சுவருக்கு வந்தது. அவளோடு படித்த எவுசேபியோ, அவனும் அரூப ஓவியன், பெரிய வாயாடி, அவளை இழுத்துக்கொண்டு போனான்.

அங்கி வெள்ளையாக இருந்தது. மடிப்புகளில் மட்டும் லேசான நீலம்.

"பொன்னு எங்கடா?"

"பஞ்சால துடைச்சு எடுத்துட்டாங்க. எல்லாம் மேல பூசின வார்னிஷ், பழுப்பேறிக் கிடந்திருக்கு. சர்ச்சுல இருந்த காலத்து மெழுகுவத்திப் புகை வேற. நீ இத்தனை வருஷமா அழுக்கைக் காப்பியடிச்சிருக்கடி."

அவன் சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டியது. வார்னிஷ் பழுப்பேறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் மனதுக்குப் பிடித்ததை யார் சந்தேகப்படுகிறார்கள்? பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்தாள். பிறகு எழுந்து படத்தின் அருகே போனாள்.

"இதை வரைஞ்ச ஆளு பொன்னு கலக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் நீலம். அவ்வளவுதான்."

"அப்ப நான் யார்கிட்டடா திருடினேன்?"

எவுசேபியோ வெள்ளை அங்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வா, போலாம்" என்றாள் பெகோன்யா. "படம் மாட்டற வேலை கிடக்கு."